சலாம் பாயின் கொதிகலனை விடுவித்த கதை

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கப்பலில் வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகம் அது. பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்க மனுவை இப்போது கணினியிலேயே போட்டுவிடுகிறார்கள். சரக்கு தீர்வை அட்டவணையில் எந்தத் தலைப்பில் வரும் என்பதைக்கூடத் திரையே காட்டுகிறதாம். அப்படியும் ஒரு இயந்திரம் மாட்டிக்கொண்டிருக்கிறது, கேள்விக்கு மேல் கேள்வி வருகிறது என்று அலுத்துக்கொண்டார்கள். "உங்க காலத்துல பரவாயில்ல சார். நேரா போய் ஆளைப் பாத்துடலாம்" என்றாள் அவர்களில் ஒரு பெண்.

ஆளைப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஒரே ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அது எப்படி இருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரத்துக்காரன். பெயர் கன்னியப்பன். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு நாளிதழின் பிழை திருத்தும் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். எழுதியிருப்பதை மட்டும் படிக்க வேண்டும், எழுதியிருக்கும் என்று நாம் நினைப்பதைப் படிக்கக் கூடாது என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். அறுபதுகளின் நடுவில் பாரிமுனையில் இருந்த இந்த அலுவலகத்துக்கு வந்தேன். காலையில் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் பஸ், மாலையில் அதே வழியில் திரும்பும் பஸ். துறைமுகத்தில் எந்தக் கொட்டகை எங்கே, கஸ்டம்ஸ் ஹவுஸில் எந்த மேஜைக்குப் பிறகு எந்த மேஜை என்பதெல்லாம் நடந்து நடந்து பழகிவிட்டது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

காஞ்சிபுரத்துக்கு வரும் சரக்கு எதுவானாலும் என் தலையில் கட்டுவார்கள். பெரும்பாலும் சாயப்பொடி. ஒருமுறை சிவப்புச் சாயப்பொடி டிரம்களில் வந்தது. அது என்ன ரசாயனம் என்று தெரிய வேண்டும் என மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தோம். 'மாதிரி, சிவப்பு நிறப் பொடியாக உள்ளது' என்று அறிக்கை வந்தது. அதை நாங்கள் மனுவிலேயே எழுதியிருந்தோம். மறுபடி அனுப்பினார்கள். இரண்டாவது அறிக்கையில் 'தண்ணீரில் கரைகிறது' என்று சேர்த்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சரக்கு வெளியே வந்தபோது அந்த நிறத்தில் புடவை சொல்லிவைத்திருந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் முடிந்திருந்தது.

எங்கள் மானேஜர் வேதாசலம், மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். அரைக்கைச் சட்டை, மடித்த கைக்குட்டை, மேஜையில் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். சரக்கின் காகிதங்கள் வந்தால் கடைசித் தாளிலிருந்து படிப்பார். முதலில் எடை, பிறகு பெட்டிகளின் அளவு, பிறகு எதனால் செய்தது, பிறகு என்ன வேலை செய்யும். பொருளின் பெயரைக் கடைசியாகத்தான் பார்ப்பார். "பேரை யார் வேணாலும் வெப்பான் கன்னியப்பா. எடையை அப்படி வெக்க முடியாது" என்பார்.

கஸ்டம்ஸிலிருந்து நான் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தால் அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். "இன்னிக்கு என்ன கேட்டாரு?" என்பார். அந்தக் கேள்வியை நான் நின்றுகொண்டு இரண்டு முறை உரக்கப் படிக்க வேண்டும். முதல் முறை கேட்டுக்கொள்வார். இரண்டாம் முறை கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு பதில் எழுதுவார். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததற்கு ஒரு எழுத்தும் கிடையாது. யாருக்கும் போன் போடமாட்டார், தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்பமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். கேள்வி கேட்டவர்கள் மேல் எனக்கு வந்த எரிச்சலைவிட இவருடைய நிதானத்தின் மேல் வந்த எரிச்சல் பல நாள் அதிகமாக இருந்தது.

இனி சலாம் பாயின் கொதிகலன்.

அப்துல் சலாம் பெரிய காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தார். நெசவாளர்கள் தரும் கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதை நீக்கினால்தான் சாயம் பிடிக்கும். நூல் சிட்டங்களைக் கழியில் கோத்துக் கொப்பரையில் தொங்கவிட்டுத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் தளதளவென்று கொதிக்கக் கூடாது. விறகு அடுப்பு இந்தக் கணக்குக்கு எல்லாம் கட்டுப்படாது. தீ ஏறினால் சோப்புத் தண்ணீர் பாலைப் போலப் பொங்கிவிடும்.

அப்படிப் பொங்கிய ஒரு நாள் முனுசாமியின் இடது காலில் கொட்டியது. முனுசாமி அந்தப் பட்டறையில் பாயோடு சேர்ந்து வேலை பழகியவர். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பிய அன்றைக்கு சலாம் பாய் ஒரு முடிவு செய்தார். இனி அந்தக் கொப்பரை முன்னால் வேறு யாரும் நிற்கக் கூடாது. வேறு ஏற்பாடு வரும் வரை தான் ஒருவர் மட்டும் நிற்பது. அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. எல்லாருடைய நூலையும் ஒரு ஆளாக வேகவைக்க முடியாது. முடிந்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பினார்.

அந்த வேறு ஏற்பாடுதான் கொதிகலன். சாயப்பொடி விற்க வரும் கம்பெனிக்காரர் யோசனை சொல்லியிருந்தார். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஒரு கட்டடம் முழுவதையும் கதகதப்பாக வைக்க, கீழ்த்தளத்தில் எண்ணெயில் எரியும் ஒரு கொதிகலன் வைத்துத் தண்ணீரைச் சுட வைப்பார்கள். அந்த வெந்நீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய், சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர் என்கிற இரும்புச் சட்டங்களுக்குள் சுற்றித் திரும்பும். சென்ட்ரல் ஹீட்டிங் என்று பெயர். அதே வெந்நீரைக் கொப்பரைக்குள் குழாய்ச் சுருளில் விட்டால் சூடு ஏறாமல் இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும். பக்கத்தில் தீயே இருக்காது. பாய்க்கு இன்னொரு யோசனையும் தோன்றியது. மழைக்காலத்தில் சாயமிட்ட நூல் காயாது. மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் காயவைப்பார்கள். புகை பட்டு வெளிர் நிறங்கள் மங்கிப்போகும். அந்த அறையில் நாலு இரும்புச் சட்டங்களைப் பொருத்திவிட்டால் புகையும் இல்லை, கரியும் இல்லை.

இறக்குமதி லைசென்ஸுக்காக அவர் அலைந்தது தனிக் கதை. அதை எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசியில் கிடைத்த லைசென்ஸில் 'பட்டு நூல் சாயமிடவும் உலர்த்தவும் வெந்நீர்க் கொதிகலன், துணைக் கருவிகளுடன்' என்று இருந்தது. கப்பலில் வந்த இன்வாய்ஸில் 'சென்ட்ரல் ஹீட்டிங் கொதிகலன், ரேடியேட்டர்களுடன்' என்று இருந்தது. இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் இரண்டு காகிதங்களிலும் ஒரே பெயர் இல்லை.

எழுபதுகளின் நடுவில் சுங்கத் தீர்வைக்குப் புதிய அட்டவணை வந்திருந்தது. அதில் நீராவி உண்டாக்கும் கொதிகலன் இயந்திரங்களோடு எண்பத்து நான்காம் அத்தியாயத்தில் வரும். சென்ட்ரல் ஹீட்டிங் கொதிகலனும் ரேடியேட்டரும் இரும்புச் சாமான்களோடு எழுபத்து மூன்றாம் அத்தியாயத்தில் வரும். கொதிகலன் என்ற ஒரே இனத்துக்கு இரண்டு வீடுகள். எங்கள் மானேஜர் காகிதங்களைக் கடைசித் தாளிலிருந்து படித்துவிட்டு, "ஆவி போறதுக்கு இதுல வழியே இல்ல. எழுபத்து மூணு" என்றார். சந்தேகம் வரும் என்று தெரிந்ததால், தீர்வை போடுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்க்கும்படி நாங்களே மனுவில் கேட்டோம்.

பெட்டியைத் திறந்து பார்த்த கொட்டகை அதிகாரி மனுவின் பின்பக்கத்தில் அறிக்கை எழுதினார்: 'வார்ப்பிரும்பினாலான அடுப்பு போன்ற ஒன்று. ஜன்னல் கம்பி போன்ற இரும்புச் சட்டங்கள் நான்கு.' இந்த அறிக்கையோடு மனு அப்ரைசர் கோவிந்தராஜின் மேஜைக்குப் போயிற்று. எந்தச் சரக்கு எந்தத் தலைப்பு, என்ன தீர்வை என்று மதிப்பிட வேண்டியவர் அவர்தான்.

கோவிந்தராஜைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் யாரிடமும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. முன்பு எப்போதோ ஒரு சரக்குக்குத் தவறான தலைப்பு போட்டுவிட்டார் என்று தணிக்கையில் எழுதிவிட்டார்கள். அதற்கு விளக்கம் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது என்பார். அன்றிலிருந்து எந்த மனுவும் சும்மா அவர் மேஜையைத் தாண்டாது. ஒரு நேரத்தில் ஒரே கேள்விதான் கேட்பார். பதில் வந்ததும் மனு அடுக்கின் அடியில் போகும். மறுபடி மேலே வரும்போது அடுத்த கேள்வி பிறக்கும்.

"காஞ்சிபுரத்துல சென்ட்ரல் ஹீட்டிங்கா?" என்று என்னைப் பார்த்தார். "யாருக்குய்யா அங்க குளுருது? காமாட்சியம்மனுக்கா?"

பக்கத்து மேஜைகள் சிரித்தன. நானும் சிரித்துவைத்தேன்.

"இல்லீங்க சார், சாயப்பட்டறைக்கு. தண்ணி சுட வைக்க."

"தண்ணி சுட வைக்கறதுன்னா பாய்லர். பாய்லர்னா எண்பத்து நாலு. பாய்லர் இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட் எங்கே?"

எழுதிவிட்டார். அலுவலகத்தில் நான் அதைப் படித்தேன், இரண்டு முறை. மானேஜர் கண்ணாடியைத் துடைத்தார். "போய்க் கேட்டு வா" என்றார்.

கொதிகலன் ஆய்வாளர் அலுவலகத்தில் இருந்தவர் படங்களையெல்லாம் நிதானமாகப் பார்த்தார். தொழில் தெரிந்தவர். "இது எங்க சட்டத்துல பாய்லரே இல்ல. இதுல ஆவி வராது. வெந்நீர்தான்" என்றார்.

"அதைத்தாங்க கேக்கறாங்க. பாய்லர் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"பாய்லருக்குத்தான் நாங்க சர்டிபிகேட் குடுக்க முடியும்."

"இல்லைன்னாவது எழுதலாம் இல்லீங்களா?"

"பாய்லர் இல்லைன்னா அது எங்க ஆபீஸ் விஷயமே இல்ல. எங்க விஷயம் இல்லாததைப் பத்தி நாங்க எப்படிங்க எழுதறது?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. நான் கோவிந்தராஜிடம் திரும்பி வந்து அப்படியே சொன்னேன். "சரி, அவங்க சொன்னதை எழுத்துல வாங்கிட்டு வா" என்றார்.

சில வாரங்கள் இப்படியே போயின. பிறகு கோவிந்தராஜே ஒரு படி இறங்கி வந்தார். ஆவி இல்லை, எழுபத்து மூன்றே இருக்கட்டும் என்றார். சந்தோஷப்படுவதற்குள் அடுத்த கேள்வி: "சென்ட்ரல் ஹீட்டிங் வீட்டுக்குள்ள வெக்கிற ஆடம்பரச் சாமான். அதை இறக்குமதி பண்ணத் தடை இருக்கு. லைசென்ஸ்ல சாயப்பட்டறைன்னு இருக்கு. சாயப்பட்டறைக்கு எதுக்கு ரேடியேட்டர்? இது அந்தச் சரக்கு இல்ல."

மானேஜர் இதற்கு எழுதிய பதில் எனக்கு இன்றும் மனப்பாடம். தலைப்பு என்பது பொருள் கரை இறங்கும்போது எதுவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லைசென்ஸ் என்பது யார், எந்த வேலைக்காக வரவழைக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒன்றை வைத்து இன்னொன்றை மறுக்க இயலாது. மூன்று வாக்கியங்கள்தான். மனு அடுக்கின் அடியில் போயிற்று.

ஒவ்வொரு கேள்விக்கும் நான் சலாம் பாயின் பட்டறைக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கொப்பரை முன்னால் நின்றுகொண்டிருப்பார். லுங்கியை மடித்துக் கட்டி, காலில் சாக்கைச் சுற்றியிருப்பார். கண் நெருப்பிலேயே இருக்கும். மத்தியானச் சோறும் வீட்டிலிருந்து அங்கேயே வந்துவிடும். முனுசாமி தள்ளி ஒரு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். கால் ஆறிக்கொண்டு வந்தது. ஆனாலும் பாய் அவரைக் கிட்டவே விடவில்லை.

"இன்னா தம்பி, இன்னாவாம்?"

"ஆடம்பரச் சாமான்னு சொல்றாங்க பாய்."

"ஆடம்பரமா?" தீயிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு விறகை வெளியே இழுத்தார். "அவரை இங்க வந்து ஒரு நாள் நிக்கச் சொல்லு. நான் போயி அந்த நாற்காலில குந்திக்கினு ஆடம்பரம் பண்றேன்."

"நீ நவுரு பாய், நான் ஒரு கை புடிக்கறேன்" என்றார் முனுசாமி பெஞ்சிலிருந்து.

"வாயை மூடிக்கினு குந்து. ஒன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

"எனக்குக் கொட்டுனா என் பொண்டாட்டிக்கு நீ பதில் சொல்லுவே. ஒனக்குக் கொட்டுனா ஒன் வூட்ல யாரு சொல்றது?"

பாய் கழியைத் திருப்பினார். அன்றைக்கு அவர் முழங்கையில் புதிதாக ஒரு கொப்புளம் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அலுவலகத்துக்கு வந்து மானேஜரிடம், யாரையாவது மேலே பார்த்துப் பேசலாமே என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். "நாம பதில் குடுத்தாச்சு. அது மேல வரட்டும்" என்றார். எனக்கு அந்தத் தண்ணீர் டம்ளரைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

அந்த நிலையில்தான் சலாம் பாய் ஒரு காரியம் செய்தார். எங்களிடம் சொல்லவில்லை. சரக்கு அனுப்பிய கம்பெனிக்குத் தந்தி கொடுத்து வேறொரு இன்வாய்ஸ் வரவழைத்திருக்கிறார். அதில் சென்ட்ரல் ஹீட்டிங் என்ற பேச்சே இல்லை. 'தொழிற்சாலை வெந்நீர்க் கருவி' என்று இருந்தது. ரேடியேட்டர்களையும் காணோம். அதை எடுத்துக்கொண்டு அவரே பஸ் ஏறிப் போய்க் கோவிந்தராஜின் மேஜையில் வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ். அதிலும் இரண்டாவதில், பெட்டிக்குள் எல்லாரும் கண்ணால் பார்த்த நாலு சட்டங்கள் இல்லை. இதைவிடச் சந்தேகம் வரும்படி ஒரு காரியத்தை யாரும் வேண்டுமென்றேகூடச் செய்ய முடியாது. சரக்கை ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. நேர் விசாரணைக்கு அசிஸ்டென்ட் கலெக்டர் முன் ஆஜராக வேண்டும்.

மானேஜர் பாயை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அவர் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அன்று திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க பாய். இதை ஏன் பண்ணீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

பாய்க்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "எங்க தொழில்ல பார்ட்டி நிறம் சரியில்லைன்னா நாங்க வாதாடறதில்லீங்க. நூலை வாங்கியாந்து மறுபடி முக்கிக் குடுத்துடுவோம். அரக்கு வேணாம்னா மாம்பழம். அதுதாங்க மரியாதை. இந்த சாரு மொதக் காயிதத்துல பேரு புடிக்கலைன்னாரு. இரும்புச் சட்டம் புடிக்கலைன்னாரு. சரி, புடிக்காததை எடுத்துட்டு வேற குடுப்போம்னு குடுத்தேன். இதுல இன்னா தப்பு?"

மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். "இதையே அங்கயும் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டாதீங்க, குறைக்காதீங்க" என்றார்.

அசிஸ்டென்ட் கலெக்டர் வயதில் இளையவர், தமிழ் பேசுகிறவர். இரண்டு இன்வாய்ஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். கோவிந்தராஜ் சுவரோரம் நின்றிருந்தார்.

"ரெண்டு ஏன்?" என்று அசிஸ்டென்ட் கலெக்டர் பாயைக் கேட்டார்.

பாய் அப்படியே சொன்னார். அரக்கு, மாம்பழம் உட்பட.

"இது புடவை இல்லைங்க. கப்பல்ல வந்த சரக்கு. காகிதத்துல பேரை மாத்தினா பெட்டிக்குள்ள இருக்கிறது மாறிடுமா?"

"மாறாதுங்க."

"அப்போ ரெண்டாவதுல இல்லாத ரேடியேட்டர் பெட்டிக்குள்ள எப்படி இருக்கு?"

பாய் யோசித்தார். பிறகு மிகுந்த பணிவோடு, "அதாலதான் தகராறுன்னா நீங்களே வெச்சிக்குங்க சார். எனக்குத் தண்ணி சுட்டாப் போதும்" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கு எதுக்குங்க, மெட்ராஸ்ல?" என்றார். அந்த அறையில் முதல்முறையாகக் காற்று வந்தது போலிருந்தது.

மானேஜர் அப்போதுதான் வாயைத் திறந்தார். இரண்டாவது இன்வாய்ஸைத் திரும்பப் பெறுகிறோம், முதலாவதுதான் உண்மை என்றார். லைசென்ஸை எடுத்து 'உலர்த்தவும்' என்ற இடத்தில் பென்சில் முனையை வைத்தார். நூலை உலர்த்துவது ஒரு அறையில், அறையைச் சூடாக்குவது ரேடியேட்டர், ரேடியேட்டருக்கு வெந்நீர் தருவது கொதிகலன் என்று வரிசையாகச் சொன்னார். ஆமாம், இது அறையைச் சூடாக்கும் சரக்குதான், நாங்கள் முதல் நாளிலிருந்து மறுக்கவில்லை, அதனால்தான் எழுபத்து மூன்று என்று போட்டோம் என்று முடித்தார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

உத்தரவு வந்தது. பொருள் சென்ட்ரல் ஹீட்டிங் கொதிகலனும் ரேடியேட்டரும்தான், ஆவி உண்டாக்கும் பாய்லர் அல்ல, லைசென்ஸுக்குள் அடங்கும். இரண்டாவது இன்வாய்ஸைக் கொடுத்ததற்கு எச்சரிக்கை. சரக்கு சொன்ன வேலைக்கே பயன்படுகிறது என்பதைப் பிறகு ஒரு அதிகாரி நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். உத்தரவோடு மனு கோவிந்தராஜின் மேஜைக்குத் திரும்பியது. அவர் உத்தரவை ஊன்றிப் படித்தார். "கொதிகலன்னு போட்டிருக்கே" என்றார். "அப்போ பாய்லர் இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட்?"

அங்கே நான் ஏதாவது பேசியிருந்தால் என் வேலை போயிருக்கும். படி இறங்கி, பாரிமுனை வரை நடந்து, மானேஜரிடம் சொன்னேன். இரண்டாம் முறை படித்துக் காட்ட எழுத்தில் எதுவும் இல்லை, வாயால்தான் கேட்டிருந்தார். மானேஜர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். விசாரணைக்கு வந்ததைத் தவிர அவர் கஸ்டம்ஸ் ஹவுஸ் படி ஏறி நான் அதுவரை பார்த்ததில்லை. போவதெல்லாம் என் வேலை.

கோவிந்தராஜின் மேஜைக்கு முன்னால் நின்று வணக்கம் சொன்னார். "சார், நீங்க கேட்டது சரியா இருக்கலாம். அதை இந்த உத்தரவுக்குக் கீழ எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க பதில் குடுத்துடறோம்."

"எழுதறதா?"

"ஆமாங்க. ஆவி பாய்லர் இல்லைன்னு மேல முடிவாயிருக்கு. அதுக்குக் கீழ, பாய்லர் சர்டிபிகேட் கொண்டு வான்னு நீங்க எழுதுங்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

கோவிந்தராஜ் பேனாவைத் திறந்தார். பேனா காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அந்த வரியைத் தணிக்கைக்காரர்கள் படிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு தீர்வைக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டார். மானேஜர் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினார். முதல் வாரமே இதைச் செய்திருக்கலாமே என்று வழியில் நான் கேட்டேன். "மொத வாரம் மேல ஒண்ணும் எழுதியிருக்கலியே" என்றார். உண்மைதான். அதனால் என் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

லாரி காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. வார்ப்பிரும்புப் பகுதிகளைப் பூட்டி, குழாய் இழுத்து, சுருள் வைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. நூல் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வேறு பட்டறைகளுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பவே இல்லை. கோவிந்தராஜின் கேள்விகளுக்கு அதுவும் சேர்ந்துதான் விலை.

நேரில் பார்த்துச் சான்று தரும் அதிகாரி வருவதற்கு முன், பாய் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் பட்டறைக்குப் போனேன். வெளியே மழை. உள்ளே விறகு இல்லை, புகை இல்லை. அதனால் பட்டறை காலியாக இருப்பது போலத் தோன்றியது. கொப்பரை முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"பொங்கவே மாட்டுதேபா" என்றார் முனுசாமி, தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்த்தபடி. "சுடுதா இல்லியான்னே தெரியல."

"கையை உட்டுப் பாரு, தெரியும்."

"அதுக்கு ஒன் கையை உடு. நீதான் இத்தினி நாளா பழகியிருக்கிறே."

பாய் அவர் காலைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கொதிகலன் இருந்த மூலைக்குப் போய்ச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கையிலிருந்த கழியை முனுசாமியிடம் நீட்டினார். முனுசாமி அதை வாங்கிக்கொண்டு, வேலைக்கு நேற்றும் வந்தவரைப் போலச் சிட்டத்தைத் திருப்ப ஆரம்பித்தார்.

பாய் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். சிட்டம் ஒரு சுற்று முழுக்கத் திரும்பும் வரை நின்றார். பிறகு காலில் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்தார்.

"பாய், ஒரு கையெழுத்து" என்றேன்.

"வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு வர்றேன் தம்பி" என்றார். குடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

காகிதம் நனையாமல் பைக்குள் வைத்தேன். முனுசாமி தன் பெஞ்சைக் காட்டினார். அது இப்போது காலியாக இருந்தது.